குண்டு போன தூரம்: பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பின் அரசியலும்

1

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் 'குண்டு' விளங்குவதில்லை. குண்டும் குழியுமாகக் கிடக்கிற சாலையா? பருமனா? வெடிகுண்டா? ஊர்க்காரர்களைக் கேட்டால், 'அது பீரங்கிக் குண்டுங்க, வெள்ளைக்காரன் சுட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி முடித்துவிடக்கூடிய விஷயமல்ல அது.

1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. செஞ்சி அப்போது மராத்தியர் வசம். சென்னையில் எலிஹு யேல் ஆளுநர். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். ஊரின் பெயரோ கம்பெனி ஏடுகளில் 'தெக்னாப்பட்டம்' என்று சிதைந்து கிடக்கிறது. வாங்கியது கோட்டையை மட்டுமல்ல. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியின் 'ரேண்டம்' வெடி எட்டுகிற தூரத்துக்குள் அடங்கிய ஊர்களும் விற்பனையில் சேர்த்தி. சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்று அனுப்பப்பட்டது. மருந்து கெட்டித்துச் சுடுவதில் பீரங்கிக்காரனின் கைத்திறமை இருக்கிறது, ஆதாயம் பார்த்துச் செய்யுங்கள் என்று அறிவுரையும் கூடவே போனது. திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம்வரை மண் கம்பெனியுடையதாயிற்று. கடலூரும் அதற்குள் வந்தது. அந்தக் கிராமங்களைக் குண்டுக் கிராமங்கள் என்று பின்னாளைய அரசாங்க மாவட்டக் கையேடுகளும் பதிவு செய்திருக்கின்றன.

இந்த ஒரு சொல்லில், 'ரேண்டம்' என்பதில், கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைக்கு ஒருவர் இந்தப் பத்திரத்தைத் தமிழில் பெயர்த்தால் என்ன எழுதுவார்? அகராதி தரும் பொருள்கள்: தற்செயலான, குறியில்லாத, எழுந்தமானமான. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் 'சமவாய்ப்பு'. ஆக, 'குறியில்லாமல் சுட்ட வெடி' என்றோ, இன்னும் அபத்தமாகச் 'சமவாய்ப்பு வெடி' என்றோ பெயர்ப்பு அமையும். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் சமவாய்ப்புத் தந்து பீரங்கி சுட்டதாக ஒரு வரலாறு நமக்குக் கிடைத்துவிடும்!

பதினேழாம் நூற்றாண்டுப் பீரங்கிக்காரனின் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. குறியை நேராகப் பார்த்துச் சுடுவது ஒரு வகை. குழாயின் வாயை மேலே தூக்கி, குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போகவிட்டுச் சுடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் 'ரேண்டம்'. வேகம், உந்துவிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தற்செயல் என்பது இதில் பிறகு ஏறிய பொருள். அவ்வளவு தூரம் போகிற குண்டு எங்கே விழும் என்று சுட்டவனுக்கே தெரியாதல்லவா. அதாவது அந்தப் பத்திரத்தில் இருந்தது தற்செயல் அல்ல, உச்சபட்சம். வாங்கியவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் நல்ல பீரங்கியும் கைதேர்ந்த ஆளும் தேவைப்பட்டார்கள்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மொழியின் இயல்பு. ஆனால் அந்தப் பல பொருள்களில் எது செல்லுபடியாகும் என்பதை மொழி தீர்மானிப்பதில்லை. பீரங்கி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்த மண்ணில் உழுதுகொண்டிருந்தவர்களும் கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்களும் பத்திரத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. அவர்களிடம் வந்து சேர்ந்த மொழிபெயர்ப்பு குண்டு மட்டும்தான்.

2

பலபொருள் ஒருசொல் பற்றி ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போதுதான் நமக்குச் சிக்கல் வந்ததாக நினைத்துக்கொள்கிறோம். தொல்காப்பியக் கிளவியாக்கம் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. வினையால் பொருள் வேறுபடுகிற சொல் ஒன்று. வினையாலும் வேறுபடாத சொல் மற்றொன்று. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. வினை நமக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். இப்படிப்பட்ட இடத்தில், மனத்தில் ஒன்றைக் குறித்துக்கொண்டு பேசுகிறவன் அதைத் தெளிவுபடுத்தியே பேச வேண்டும் என்கிறது இலக்கணம்.

வகுப்பில் இதை விதியாக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதற்குள் ஓர் அறம் இருக்கிறது. குழப்பம் வரக்கூடிய இடத்தில் தெளிவுபடுத்தும் பொறுப்பு கேட்பவன் தலையில் சுமத்தப்படவில்லை; சொல்பவன்மீது வைக்கப்பட்டிருக்கிறது. தேவனாம்பட்டினத்துப் பத்திரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அரசும் கம்பெனியும் பொருளைத் திறந்து வைத்துக்கொள்ளும், விளைவை நாம் விழுந்த இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிகண்டு மரபு இன்னொரு பக்கம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பன்மையைத் தீர்க்க வேண்டிய நோயாக அந்த மரபு பார்க்கவில்லை.

நவீன அரசு வந்தபிறகு இது தலைகீழாகிறது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தொடர்ந்து ஆட்சிச்சொல் அகராதி வந்தது. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. இவற்றின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தமிழில் கோப்பு எழுத முடியாது என்றவர்களுக்கு இவைதான் பதில். சொற்களஞ்சியமாவது ஒரு சொல்லுக்குப் பல பொருளைத் தந்தது. அலுவலகமோ 'ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்' என்ற கனவில் வேலை செய்தது. கோப்புக்கு ஒரு பொருள்தான் வேண்டும். துயரம் என்னவென்றால், கோப்புகளை எதிர்த்து எழுதிய நாமும் அதே கனவைத்தான் கலைச்சொல் பட்டியல் என்ற பெயரில் கண்டுகொண்டிருக்கிறோம்.

3

கோட்பாட்டு எழுத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம். 'ரெப்ரசென்டேஷன்' என்று ஒரு சொல். ஒருவர் சார்பாக நின்று பேசுவதும் அதுதான். ஒருவரைச் சித்திரித்துக் காட்டுவதும் அதுதான். சட்டமன்ற உறுப்பினர் செய்வதும் ஓவியர் செய்வதும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஜெர்மன் மொழியில் இவை இரண்டு சொற்கள். லூயி போனபார்ட்டின் ஆட்சிக்கவிழ்ப்பைப் பற்றி 1852இல் எழுதிய நூலில், சிறுவிவசாயிகள் தமக்காகத் தாமே பேச முடியாத நிலையைப் பற்றி மார்க்ஸ் சொல்லும் இடத்தில் வருவது முதல் சொல். ஆங்கில வழியாகப் படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதைக் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளியான தம்முடைய புகழ்பெற்ற கட்டுரையில் சுட்டிக்காட்டினார்.

இதில் வேடிக்கை, தமிழ் இந்த விஷயத்தில் ஜெர்மன் பக்கம் நிற்கிறது. நமக்குப் 'பிரதிநிதித்துவம்' இருக்கிறது, 'சித்திரிப்பு' இருக்கிறது. குழம்பவே தேவையில்லை. ஆனால் நாம் என்ன செய்தோம்? ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கிறதே என்று தமிழிலும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். 'இந்நாவல் மீனவர் வாழ்வைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது' என்று மதிப்புரை எழுதுகிறோம். எந்த மீனவர் பஞ்சாயத்து இந்த நாவலாசிரியரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது? சித்திரித்தார் என்று எழுதியிருந்தால் சித்திரம் சரியா தவறா என்று ஊரார் கேட்டிருக்கலாம். பிரதிநிதி என்று எழுதியதால், அவர்கள் சார்பில் பேசும் உரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டோம். இங்கேயும் குண்டு கொஞ்சம் தூரமாகத்தான் போய் விழுந்திருக்கிறது. சுட்டது நாம்.

'சபால்டர்ன்' இன்னொரு பயணம். இத்தாலியில் முசோலினியின் சிறையில் 1929இலிருந்து குறிப்பேடுகள் எழுதிய கிராம்ஷி கையாண்ட சொல். 1971இல் குறிப்பேடுகளின் தேர்ந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தன. ஆங்கிலத்திலோ அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை உண்டு: பட்டாளத்தில் கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரி. 1982இல் ரணஜித் குஹாவின் தொகுதி வழியாக அது இந்திய வரலாற்றெழுத்துக்குள் வந்தது. தமிழில் 'அடித்தள மக்கள்' என்றும் 'விளிம்புநிலை மக்கள்' என்றும் இரண்டு பெயர்ப்புகள். தொண்ணூறுகளுக்குப் பிறகு, சிறுபத்திரிகைத் தமிழில் பின்னதுதான் கொடி நாட்டியது.

இரண்டும் ஒன்றல்ல. அடித்தளம் என்பது கட்டடத்தைச் சுமந்துகொண்டிருப்பது. அதை உருவினால் கட்டடம் நிற்காது. விளிம்பு அப்படியல்ல. தட்டின் விளிம்பு உடைந்தாலும் தட்டில் சோறு தின்னலாம். சேரி ஊருக்கு வெளியே இருக்கிறது, மீனவக் குப்பம் நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது என்பதால் 'விளிம்பு' என்ற சொல் கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. இடத்தைச் சொன்னது, உழைப்பை மறைத்தது. ஊரின் வயலையும் ஊரின் பிணத்தையும் ஊரின் சாக்கடையையும் சுமந்தவர்கள் விளிம்பில் இருந்தார்களா, அடியில் இருந்தார்களா? விளிம்பு என்று சொல்லும்போது மையம் ஒன்று தானாகவே அதன் பாட்டுக்கு நிற்கக்கூடியதாக ஆகிவிடுகிறது. விளிம்புநிலை என்ற சொல் அடையாளத்தின் பக்கம் நம் பார்வையைத் திருப்பியது உண்மை. அதன் பயனும் உண்மை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தபோது எதை விட்டோம் என்பதை யாரும் தெளிவுபடுத்திச் சொல்லவில்லை. தொல்காப்பியக் கணக்கில் இது பிழை.

4

மொழிபெயர்ப்பு என்றால் இழப்பு என்று பேசியே பழகிவிட்டோம். எதிர்த்திசையிலும் பார்க்கலாம். அரசியல் மேடையில் உருவான தமிழ், பல்கலைக்கழகத் தமிழைவிடத் துணிச்சலாகப் பெயர்த்திருக்கிறது.

ஆங்கில ஆட்சி 'பேக்வர்டு' என்று எழுதியது. பின்னால் இருப்பது, மந்தமாக இருப்பது, வளராமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். ஏன் பின்னால் இருக்கிறார்கள் என்ற கேள்வி அச்சொல்லில் இல்லை. அவர்கள் இயல்பே அது என்றும் படிக்கலாம். தமிழில் 'பின்தங்கிய' என்று பெயர்த்தால் அந்த வசதி அப்படியே நீடிக்கும், தங்கியது அவர்கள்தானே! 'பிற்படுத்தப்பட்ட' என்று பெயர்த்தபோது சொல்லுக்குள் ஒரு செயல் நுழைந்தது. யாரோ படுத்தியிருக்கிறார்கள். 'டிப்ரெஸ்டு' என்பதற்குத் 'தாழ்ந்த' என்று எழுதாமல் 'தாழ்த்தப்பட்ட' என்று எழுதியதும் இதே வேலைதான். மனச்சோர்வும் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள், விலைவீழ்ச்சியும் அதன் பொருள். தமிழ் இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, தாழ்த்தியது ஒரு செயல், ஆகவே ஒரு குற்றம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. மூலத்தில் மங்கலாக இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு இது. விசுவாசமான மொழிபெயர்ப்பா என்று கேட்டால், யாருக்கு விசுவாசம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். செயப்பாட்டு வினையில் செய்தவன் 'ஆல்' உருபு ஏற்று வருவான். 'தாழ்த்தப்பட்ட' என்பதில் அந்த 'ஆல்' எங்கே? யாரால்? சொல் அங்கே நின்றுவிடுகிறது. செயல் தெரிகிறது, செய்தவன் தெரிவதில்லை. மேடைகளில் 'பார்ப்பனியத்தால்' என்று ஒரு விடை சொல்லப்பட்டது. இடைநிலைச் சாதிகள் தம் தெருவில் என்ன செய்கின்றன என்ற கேள்வி வந்தபோது அதே உருபு தொண்டையில் சிக்கிக்கொண்டது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பிறர் பெயர்த்துக் கொடுத்த சொல்லில் இந்த ஓட்டை இருப்பதால்தான், 1922இல் சென்னை மாகாண அரசின் ஆணையில் இடம்பெற்ற 'ஆதி திராவிடர்' என்ற பெயருக்கும், மராத்தியிலிருந்து பெயர்க்கப்படாமலே தமிழுக்கு வந்த 'தலித்' என்ற சொல்லுக்கும் அவ்வளவு ஆற்றல். பெயர்க்க மறுப்பதும் ஒரு மொழிபெயர்ப்பு முடிவுதான்.

'கம்யூனல்' என்ற சொல் இன்னும் கூர்மையான உதாரணம். வேலையிலும் கல்வியிலும் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு தரும் ஆணைக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர்; மதக்கலவரத்துக்கும் அதுதான் அடைமொழி. பங்கு கேட்பவனையும் கத்தி தூக்குபவனையும் ஒரே சொல்லால் சுட்ட முடிந்தது. பங்கு கேட்பதே பிளவுபடுத்துவது என்ற வாதத்துக்கு அந்தச் சொல் ஓசையில்லாமல் உதவியது. தமிழ் இதைப் பிரித்தது: ஒன்று 'வகுப்புவாரி', மற்றொன்று 'வகுப்புவாதம்'. 'வாரி'க்கும் 'வாத'த்துக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் அரசியல் தூரம். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. தெருவில் இறங்கியவர்கள் தாங்கள் கேட்பது 'வாரி', 'வாதம்' அல்ல என்று தம் மொழியிலேயே சொல்ல முடிந்தது.

ஆக, ஒரு பலபொருள் சொல் வரும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. சொல்லாமல் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது ஒன்று. கம்பெனி அதைச் செய்தது. தமிழில் பிரிந்தே இருப்பவற்றை ஆங்கிலத்துக்குப் பணிந்து ஒன்றாக்குவது இரண்டு. அதை நாம் செய்தோம். ஆங்கிலம் ஒட்டி வைத்ததை வெளிப்படையாகப் பிரிப்பது மூன்று. அதை இயக்கங்கள் செய்தன.

5

மீண்டும் தேவனாம்பட்டினத்துக் கரைக்கு வருவோம். 'மேலாண்மை' என்ற சொல்லோடு வருவோம்.

கிராம்ஷியின் இன்னொரு கருத்தாக்கமான 'ஹெஜிமனி'யை மேலாதிக்கம், மேலாண்மை என்றெல்லாம் தமிழில் எழுதினார்கள். அடியால் அல்ல, சம்மதத்தைப் பெற்று ஆள்வது. இப்போது அதே 'மேலாண்மை' என்ற சொல்லைக் கேட்டால் கல்லூரி மாணவருக்கு ஞாபகம் வருவது எம்.பி.ஏ. படிப்பு. 'மேனேஜ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த ஆங்கிலச் சொல்லின் வேரும் இத்தாலியில்தான். கை என்ற சொல்லிலிருந்து, குதிரையைக் கைக்கு அடக்கிப் பழக்குதல் என்ற பொருளில் பிறந்தது. ஆங்கிலத்துக்குப் போய் நிர்வாகம், சமாளிப்பு, நிர்வாகிகள் கூட்டம் என்று பல பொருள் சேர்த்துக்கொண்டது. பிறகு இத்தாலிக்கே திரும்பியது. இத்தாலியர்களுக்கு நிர்வாகத்தைக் குறிக்கத் தங்கள் சொல்லே இருந்தும், இந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே 'மேனேஜ்மென்ட்' என்றும் வைத்துக்கொண்டார்கள். வீட்டுப் பிள்ளை துரையாகித் திரும்பி வந்தால் அடையாளம் தெரியாமல் போவதுண்டு.

தமிழில் என்ன ஆயிற்று பாருங்கள். இத்தாலியிலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்கள், ஒன்று அதிகாரத்தை அம்பலப்படுத்தியது, மற்றொன்று அதிகாரத்தை வேலைத்திறனாகக் காட்டியது, இரண்டும் 'மேலாண்மை' என்ற ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொண்டன. பட்டியல் போடுகிறவர்களுக்கு இது விபத்து. எனக்கு இது வாய்ப்பாகத் தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்தக் கரையில் ஏறியது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த தமிழ்நாடு அரசின் வீட்டு அரசாணை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அப்பால் போனால் புதுவீடு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. போக விரும்பாதவர்கள் இருக்கலாம், உதவி கிடையாது. இது உதவியா, சம்மதம் வாங்குவதா? 2008இல் மத்திய அரசு, 1991இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்புக்குப் பதிலாகக் கடற்கரை 'மேலாண்மை' மண்டல வரைவைக் கொண்டுவந்தது. கடலோரமெங்கும் மீனவர்கள் எதிர்த்தார்கள். 2009இல் அது கைவிடப்பட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பராமரிப்பு மாதிரி ஒலிக்கிறது. தமிழில் படித்தவனுக்கு 'மேல்' என்பதும் 'ஆள்' என்பதும் பச்சையாகத் தெரிகின்றன. 'பேரிடரை வைத்து எங்கள் மேல் ஆள்வது' என்று அச்சொல்லைப் பிரித்துப் படித்தால் அது தப்பான படிப்பா? அரசு தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல், அரசின் வாயிலிருந்தே உண்மையைக் கக்கிவிட்டது என்பேன்.

ஆனால் படிப்பதற்கு முதலில் தமிழில் ஏதாவது வர வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடும்படி அவ்வாண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 330 ஆண்டுக்குப் பின்னும் நிலைமை இதுதான்: சொல் அவர்களிடம், தூரம் அவர்களிடம், விழுகிற இடம் நம்முடையது.

கடைசியாக ஒரு சொல். கரையில் வலை இறங்கும் நேரத்தில் கேட்கும் கேள்வி: 'இன்னிக்குப் பாடு எப்படி?' மீன்பாடு. கிடைத்த மீனும் பாடு, பட்ட துன்பமும் பாடு, உழைப்பும் பாடு, பாடுபடுகிறவன் பாட்டாளி. இதை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னால் 'கேட்ச்' என்பார்கள். பிடித்தது என்று பொருள். உள்ளே ஏதோ பொறி இருக்கிறது என்றும் பொருள். உழைப்பும் வலியும் அந்தச் சொல்லில் இல்லை. ஆங்கிலப் பலபொருளைத் தமிழில் எப்படி அடக்குவது என்று நூறு ஆண்டாகக் கவலைப்படுகிறோம். 'பாடு' என்ற சொல்லின் பலபொருளை அரசாங்க ஆங்கிலத்தில் எப்படி நுழைப்பது என்று கவலைப்பட ஒரு துறையும் இல்லை. மீன்வளப் புள்ளிவிவரத்தில் எடை மட்டும்தான் ஏறும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம், குறிப்பாகக் கோட்பாடுகளைத் தமிழுக்குக் கொண்டுவருகிற நண்பர்களிடம் நான் கேட்பது பட்டியல் அல்ல. பல பொருளில் ஒன்றைத் தேர்ந்தால், எதைத் தேர்ந்தோம், எதை விட்டோம், யாருக்காக என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். தமிழில் பிரிந்திருப்பதை ஒட்டாதீர்கள். ஒட்டியிருப்பதைப் பிரிக்க வேண்டுமானால் துணிந்து பிரியுங்கள். குறித்தவன்தான் தெளிவுபடுத்த வேண்டும். இல்லையென்றால் நாமும் பீரங்கிக்குப் பின்னால்தான் நிற்கிறோம். குண்டு எங்கே விழுந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.